சவுக்குத் தோப்பின் முறைக்கோல்

சவுக்குச் சருகு எரியும் புகைக்கு லேசான இனிப்பு வாசம் உண்டு. இத்தனை வருஷம் டவுனில் உப்பளம் என்கிற பகுதியில் குடியிருந்து கேஸ் அடுப்பில் சமைத்த பிறகும், எங்கிருந்தாவது அந்தப் புகை வந்தால் எனக்குப் பத்து வயதாகிவிடுகிறது. கனகசெட்டிக்குளத்தை ஒட்டிய எங்கள் குப்பத்துக்கும் கடலுக்கும் நடுவே, ஊராரே நட்டு வளர்த்த சவுக்குத் தோப்பு இருந்தது. புயல் காற்றைத் தடுத்ததும் அதுதான், எங்கள் அடுப்பை எரியவைத்ததும் அதுதான்.

அதற்கெனக் காவல்காரர் யாரும் கிடையாது. "முறைக்கோல்" என்கிற மூங்கில் கழி தினம் ஒரு வீடாக நகரும். எந்த வாசலில் அது சாத்தியிருக்கிறதோ, அந்த வீடுதான் அன்றைக்குத் தோப்பைப் பார்த்துக்கொள்ள வேண்டும். மரம் ஏதாவது போனால் ஊர்க்கூட்டத்தில் அந்த வீடு பதில் சொல்ல வேண்டும். வெட்டியவர் யாரென்று தெரியாவிட்டால் ஒரு வருஷம் சருகு அள்ளக்கூடாது, மூன்று கன்று நட்டுத் தண்ணீர் ஊற்ற வேண்டும். திருட்டு மரம் அடையாளம் தெரியட்டும் என்று எல்லா மரத்திலும் இடுப்பளவில் சுண்ணாம்பு வளையம் போட்டிருப்பார்கள்.

எங்கள் முறை நாளில் அம்மா மீன் கூடையோடு டவுனுக்குப் போக, கோல் என் கையில் இருந்தது. மறுநாள் ஊர்த் தலைவர் வீட்டுக் கல்யாணம். "மைக் செட்" பாட்டு தோப்பு வரை கேட்டது. எட்டிப் பார்த்துவிட்டு வரலாம் என்று போனவள், சமையல்காரர் பூந்தி பொரிப்பதை வேடிக்கை பார்த்து, கேட்டு வாங்கித் தின்று, பொழுது சாயத்தான் திரும்பினேன். நன்றாக வளர்ந்த மரமொன்றைக் காணோம். அடிக்கட்டை மட்டும் ஈரமாக நின்றது.

கல்யாணம் முடிந்த மறுநாள், பிரிக்காத அந்தப் பந்தலிலேயே கூட்டம் கூடியது. "எங்க முறையிலதான் போச்சு. யாரு வெட்னாங்கன்னு தெரியல" என்றாள் அம்மா. அடுப்புக்கு வழியில்லாமல் போகிறதே என்று எனக்கு அழுகை முட்டியது. அப்போதுதான் பந்தல் காலைப் பார்த்தேன். அதில் கட்டியிருந்த வாழைமரத்தை மாடு தின்றுவிட்டிருந்தது. உள்ளே வெள்ளை வளையம் தெரிந்தது.

"பெரியப்பா, அந்தக் கால்ல நம்ம சுண்ணாம்பு இருக்குது" என்றேன் தலைவரிடம்.

பந்தல் வேலையைப் பார்த்த தலைவரின் மச்சான் தலையைக் குனிந்துகொண்டார். தலைவர் எழுந்துபோய் அந்தக் காலைத் தடவிப் பார்த்தார்.

"எங்க ஊட்டு கல்யாணத்துக்கு வந்த மரம். நாந்தான் பதில் சொல்லணும். எங்களுக்கும் அதே தண்டனதான்" என்றார்.

அத்தோடு விட்டிருக்கலாம். அம்மா விடவில்லை. "எம் பொண்ணும் காவல வுட்டுட்டுத்தானே போனா? அவளும் தண்ணி ஊத்தட்டும்" என்றாள். ஒரு வாரம் அம்மாவோடு நான் பேசவில்லை.

அந்தக் கோடை முழுக்க, வேட்டியை மடித்துக் கட்டிய தலைவரும் நானும் காலையில் குடம் சுமந்தோம். "பூந்தி நல்லா இருந்துச்சா?" என்று தினமும் கேட்டுச் சிரிப்பார்.

இப்போது தோப்பில் பாதி இல்லை. மீதியைச் சுற்றிக் கம்பி வேலியும் ஒரு பலகையும் இருக்கின்றன. முறைக்கோல் எந்த வீட்டோடு நின்றுபோனதென்று யாருக்கும் தெரியவில்லை. போன மாதம் உப்பளத்தில் எங்கள் தெருமுனைப் பூவரசை யாரோ வெட்டிவிட்டார்கள். யார் என்று வீடு வீடாகப் போய்க் கேட்டேன். எல்லோருமே வருத்தப்பட்டார்கள், யாருமே பார்க்கவில்லை.

அன்றைக்கு நானும் வீட்டில்தான் இருந்தேன். ரம்பச் சத்தம் கேட்டது. தூசி வருகிறதே என்று ஜன்னலைச் சாத்தினேன்.