கொளஞ்சியப்பன் கை வைத்த பெட்டி

வடக்குத்திலும் சுற்றுப்பட்டிலும் மோட்டார் கருகிவிட்டால் நேரே கொளஞ்சியப்பனிடம்தான் தூக்கிக்கொண்டு வருவார்கள். செம்புக் கம்பியைச் சுற்றிக் காயில் கட்டுவதில் அவர் கெட்டிக்காரர். ஏசுவதில் அதைவிடக் கெட்டிக்காரர். குள்ளஞ்சாவடிப் பக்கத்து ராயப்பன் ஒரே கோடையில் இரண்டாவது தடவையாக மோட்டாரைக் கொண்டுவந்து இறக்கியபோது தெருவே நின்று வேடிக்கை பார்த்தது.

"ஸ்டார்ட்டருல குச்சி சொருவுனியா இல்லியா? உண்மைய சொல்லு."

"ஆமாங்க. சும்மா சும்மா நின்னு போவுது. தண்ணி பாய வேணாமா?"

"அது எதுக்கு நிக்குது? சூடாயிடுச்சி, என்னால முடியல, வுடுடான்னு சொல்லுது. நீ குச்சிய சொருவிட்டு ஓடு ஓடுன்னா? உன்ன அப்பிடி ஓட வுட்டாத்தான் தெரியும்!"

ஏசுவாரே தவிர, சொன்ன நாளில் கட்டிக் கொடுத்துவிடுவார். நிலக்கரிச் சுரங்கத்தில் பன்னிரண்டு வருஷம் கான்ட்ராக்டில் கிடந்தவர். இன்றைக்குப் பெர்மனன்ட் ஆகும், நாளைக்கு ஆகும் என்று காத்திருந்ததில் தலை நரைத்ததுதான் மிச்சம். வெறுத்துப்போய் வெளியே வந்து, வீட்டு முன்னால் தகரக் கொட்டகை போட்டு உட்கார்ந்துவிட்டார். மனுஷனுக்கு ஒரே ஒரு கோளாறு. 'எனக்குத் தெரியாது' என்ற சொல் மட்டும் அவர் வாயில் வரவே வராது.

ஒரே மகள் வெண்மதி. கடலூரில் அனிமேஷன் படித்துவிட்டு இரண்டு வருஷமாக வீட்டில் இருந்தாள். புதுச்சேரியில் பழைய சாமான் விற்கும் கடைகளில் போர்டு ஒரு நாள், டிஸ்க் ஒரு நாள் என்று பொறுக்கி வந்து, தானே ஒரு கம்ப்யூட்டரைக் கோத்திருந்தாள். கரண்ட் கொடுக்கிற சப்ளைப் பெட்டியும் பழையதுதான். மேலே ஒட்டியிருந்த லேபிள் அறுநூறு வாட் என்றது, அவளும் நம்பிவிட்டாள்.

சென்னையில் ஒரு கம்பெனி அவளுக்குப் பரீட்சை மாதிரி ஒரு வேலை கொடுத்தது. முப்பது வினாடிப் படம், திங்கட்கிழமை காலை பத்து மணிக்குள் அனுப்ப வேண்டும். பிடித்திருந்தால் வேலை. "இதுவும் கெடைக்கலன்னா உன்கூட முந்திரி ஒடைக்க வந்துடறேம்மா" என்று அம்மா அம்சவல்லியிடம் சொல்லிவிட்டாள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

சுரங்கத்தில் மண்ணை வெட்டும் ராட்சதச் சக்கரத்தைத்தான் படமாகச் செய்திருந்தாள். சக்கரம் சுழலச் சுழல மண் சரியும், புழுதி கிளம்பும். அதைப் பார்த்த கொளஞ்சியப்பன் ஸ்டூலை இழுத்துப் போட்டுத் திரைக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டார். பன்னிரண்டு வருஷம் அதன் காலடியில் நின்றவர் ஆயிற்றே! "இந்தப் பல்லுகூட தேஞ்சிருக்குது பாரு" என்று திரையைத் தொட்டுத் தொட்டுக் காட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்குக் கடைசி வேலை தொடங்கியது. செய்துவைத்ததை எல்லாம் கம்ப்யூட்டர் ஒவ்வொரு படமாக வரைந்து அடுக்க வேண்டும். ஒன்பது மணி நேர ஓட்டம். இருபதாவது நிமிஷம் டப்பென்று அணைந்துவிட்டது. ஆறவிட்டுப் போட்டால் ஓடியது. மறுபடி இருபது நிமிஷம், மறுபடி டப்.

கொளஞ்சியப்பன் களத்தில் இறங்கினார். பக்கத்துத் தகட்டைக் கழற்றினார். உள்ளே அப்பியிருந்த கரிப்புழுதியை பிரஷ்ஷால் தட்டினார். மேஜை ஃபேனைத் திருப்பி வைத்தார். ஊஹும். கடைசியில் ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே வந்தவர், சப்ளைப் பெட்டியில் கை வைத்ததும் வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

"இதாம்மா திருடன். லோடு ஏறுனா சூடாவுது, சூடானா வெட்டுது. இந்தப் பொட்டி பத்தாது."

கண்டுபிடித்தது என்னவோ சரிதான். ஆனால் ஞாயிற்றுக்கிழமை கடை ஏது?

"பரவால்லப்பா" என்றாள் வெண்மதி. "முடிஞ்ச படமெல்லாம் டிஸ்க்லயே இருக்குது. இருவது நிமிசம் ஓட்டி, கால் மணி நேரம் ஆற வெச்சா, படுக்கறதுக்குள்ள முடிஞ்சிடும். காலையில அனுப்பிடலாம்."

அப்படியே விட்டிருக்கலாம். பெண் சொன்னது அவ்வளவு சுத்தமான கணக்கு. ஆனால் ஒவ்வொரு தடவை டப்பென்று அணையும்போதும் மனுஷனுக்கு யாரோ கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது. ஊர் மோட்டாரை எல்லாம் ஓட வைக்கிறவன் வீட்டில், பெற்ற பெண்ணின் மெஷின் நொண்டுவதா? பகல் ஒரு மணிக்கு மெஷினை ஆறவிட்டுவிட்டு வெண்மதி குளிக்கப் போனாள். அந்தச் சமயத்தில் கொளஞ்சியப்பன் சப்ளைப் பெட்டியைத் திறந்தார்.

உள்ளே, சூடு ஏறினால் கரண்டை வெட்டும் சின்னத் துண்டு இருந்தது. மோட்டார் காயிலுக்குள் அவரே எத்தனை தடவை வைத்துக் கட்டியிருக்கிறார்! அது வெட்டவே முடியாதபடி இரண்டு முனையையும் ஒரு துண்டுக் கம்பியால் சேர்த்துப் பற்றவைத்து மூடிவிட்டார். ராயப்பனை ஏசிய அதே வாய் அப்போது விசில் அடித்துக்கொண்டிருந்தது. ஊருக்குத்தானே உபதேசம்!

அதன் பிறகு மெஷின் அணையவே இல்லை. இருபது நிமிஷம் போயிற்று, ஒரு மணி நேரம் போயிற்று. குளித்து வந்து தலையை உலர்த்திக்கொண்டிருந்த வெண்மதி வாயைப் பிளந்தாள்.

"என்னாப்பா பண்ண?"

"உள்ள ஒரு எடத்துல லூசா இருந்துது, சரி பண்ணிட்டேன்" என்றார். வாழ்நாளில் அவ்வளவு லேசாக அவர் பொய் சொன்னதில்லை.

வேலை நூற்றுக்கு எழுபது, எண்பது என்று ஏறியது. அம்சவல்லி கேசரி கிண்டினாள். தொண்ணூற்றொன்றில் ஒரு வாடை வந்தது. வார்னிஷ் கருகுகிற வாடை. வடக்குத்தில் அந்த வாடையை அவரைவிட நன்றாக அறிந்தவன் எவன்? கேசரித் தட்டைப் போட்டுவிட்டு ஸ்விட்சுக்கு ஓடினார். ஓடுவதற்குள் உள்ளே படாரென்று வெடித்தது. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதைதான், வேறென்ன சொல்ல?

சப்ளை மட்டும் போயிருந்தால் தேற்றிக்கொள்ளலாம். போர்டும் போயிற்று, டிஸ்க்கும் போயிற்று. டிஸ்கில்தான் முடிந்த படங்கள், செய்துவைத்த சக்கரம், ஒன்பது நாள் உழைப்பு எல்லாம் இருந்தன. "முடிஞ்ச உடனே பென் டிரைவ்ல ஏத்திக்கலாம்னு இருந்துட்டேனே" என்று வெண்மதி தலையில் அடித்துக்கொண்டாள். சுரங்கத்து நகரியத்தில் குவார்ட்டர்ஸில் இருக்கும் தோழி ஜெனிஷாவின் கம்ப்யூட்டரில் அந்த டிஸ்க்கை மாட்டிப் பார்த்தார்கள். அது முனகக்கூட இல்லை. கம்பெனிக்கு எழுதிப் பத்து நாள் அவகாசம் கேட்டாள். இடம் நிரம்பிவிட்டது என்று செவ்வாய்க்கிழமை ஒரு வரியில் பதில் வந்தது.

கொளஞ்சியப்பனுக்குச் சோறு இறங்கவில்லை. தான் செய்ததைச் சொல்லிவிடலாம் என்று இரண்டு தரம் எழுந்து உள்ளே போனார். முதல் தரம் அவள் அழுதுகொண்டிருந்தாள். இரண்டாம் தரம் ஜெனிஷாவோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள்.

"என் தப்புதான்டி. பழைய சப்ளைய நம்பி வாங்குனது நான்தானே? எங்கப்பா இல்லன்னா தொண்ணூறு வரைக்கும்கூட வந்திருக்காது. பாவம், அவரு சாப்புடாம சுத்திக்கினு இருக்காரு."

அவர் வந்த வழியே திரும்பிப்போய்க் கொட்டகையில் உட்கார்ந்தார். கட்டிக்கொண்டிருந்த காயிலின் சுற்று எண்ணிக்கை தவறியது. பிரித்துவிட்டு முதலிலிருந்து சுற்றினார், அதுவும் தவறியது.

வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கு அம்சவல்லியோடு வெண்மதியும் கிளம்பினாள். முந்திரிப்பால் பட்டால் கை வெந்துபோகும் என்று அம்மா எண்ணெய் தடவிவிட்டிருந்தாள். மகள் கொட்டகை வாசலில் நின்று எட்டிப் பார்த்தாள்.

"வரம்ப்பா. நீ அதயே நெனச்சிக்கினு இருக்காத. இன்னொரு மெஷின் என்னிக்காவது வாங்குனா நான் தொடவே மாட்டேன். மொதல்லருந்து நீயே கோத்துக் குடு. உன் கைதான் ராசி."

கொளஞ்சியப்பன் வாயைத் திறந்தார்.

"சரிம்மா" என்றார்.