மூக்கர் சொன்னால் சரி

ஐஸ் கம்பெனியில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. மூக்கர்தான். மெஷின் ரூமில் தண்ணீரை உறையவைக்கிற அம்மோனியா வாயு இழையளவு கசிந்தாலும் போதும், மற்றவர்கள் தும்முவதற்கு முன்பே எந்தக் குழாய், எந்த வால்வு என்று விரலை நீட்டிவிடுவார். வாயு கசிந்தால் அலறுகிற கருவி ஒன்றும் சுவரில் இருந்தது. அது வேளைகெட்ட வேளையில் சும்மாவே அலறுகிறது என்று சூப்பர்வைசர் ஒயரைக் கழற்றிப் போட்டிருந்தார். "மூக்கர் இருக்கும்போது இந்தச் சனியன் எதுக்கு?" என்பார்.

அப்படிப்பட்டவர் ஒரு நாள் ஏணி சறுக்கி மல்லாக்க விழுந்தார். பின்மண்டை சிமெண்டுத் தரையில் மோதி, மூளைக்குள் ரத்தம் கட்டிவிட்டது. ஆஸ்பத்திரியில் கண் விழித்தபோது மனைவியை "அக்கா" என்று கூப்பிட்டார். அவள் வெளியே போய் அழுதுவிட்டு, முகம் கழுவிக்கொண்டு வந்து, "தம்பி, கஞ்சி குடிக்கிறியா?" என்றாள்.

மூளையில் அடிபட்டவர்களை மறுபடி வேலைக்குத் தயார்செய்யவே அந்த ஆஸ்பத்திரியில் ஒரு பெண் இருந்தாள். எல்லோருக்கும் அவள் தெரபி மேடம். வீட்டுக்கே வந்து அவரை நட்டும் போல்ட்டும் பொறுக்கவைப்பாள். கம்ப்ரஸரை ஓடவிடும்போது எதற்குப் பிறகு எதைத் திறக்க வேண்டும் என்று ஒப்பிக்கச் சொல்வாள். அவர் அவசரப்பட்டால், "கால் ஊன்றதுக்கு முன்னாடியே ஓட்டப்பந்தயமா? மெதுவா, சார்" என்பாள். பேச்சு திரும்பியது. மறதி குறைந்தது. இழுத்த காலும் ஓரளவு சொன்ன பேச்சைக் கேட்டது.

ஒரு நாள் அடுப்புப் பக்கத்திலேயே உட்கார்ந்து அவர் போல்ட் மாட்டிக்கொண்டிருந்தார். கொல்லையிலிருந்து மனைவி அலறிக்கொண்டு ஓடிவந்தாள்.

"என்னங்க இது! பால் தீஞ்சு வீடே நாறுது, குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்திருக்கீங்களே!"

"ஏதோ யோசனையில இருந்துட்டேன்" என்றார்.

அவள் பாத்திரத்தை விளக்கப் போனதும் சோப்பை எடுத்து மூக்கருகே வைத்தார். காப்பித்தூள் டப்பாவைத் திறந்து முகத்தையே உள்ளே விட்டார். கடைசியில் தன் செருப்பைக்கூட மோந்து பார்த்தார். எல்லாமே தண்ணீரை மோந்ததுபோல் இருந்தன.

அவர் யாரிடமும் மூச்சு விடவில்லை. கால் வந்தது, பேச்சு வந்தது, இது மட்டும் வராமலா போகும்? தெரபி மேடம் பார்வை, காது, தலைசுற்றல், கோபம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். மூக்கைக் கேட்கவில்லை. தப்பித்தோம் என்று நினைத்தார்.

வேலைக்குத் திரும்பிய அன்று மேடமும் கூட வந்தாள். முதலில் அரை நாள் வேலை, இடையில் உட்கார ஒரு நாற்காலி, குழப்பம் வராமலிருக்க வால்வுகளுக்குத் தனித்தனி வண்ணம் என்று எல்லாம் பேசி முடித்தாள். சூப்பர்வைசர் அவர் தோளில் தட்டி, "மூக்கர் வந்தாச்சு, இனி நிம்மதி" என்றார். எல்லோரும் கை தட்டினார்கள்.

சில நாள் கழித்து, ஐஸ் மூட்டை கட்டும் பெண், கம்பெனியில் எல்லோருக்கும் அவள் அக்கா, கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். அவள் சிரித்தால் கம்ப்ரஸர் சத்தத்தையும் மீறிக் கேட்கும்.

"அண்ணே, ஏதோ நெடி அடிக்கிற மாதிரி இல்ல?"

அவர் மூச்சை இழுத்தார். ஒன்றுமே தெரியவில்லை. "ஒண்ணும் இல்லம்மா" என்று வாய் பழக்கத்தில் சொல்லிவிட்டது.

"நீங்க சொன்னா சரி" என்று அவள் போய்விட்டாள். அவள் அப்படி நம்பிப் போனதுதான் அவரை உலுக்கியது. அன்றிலிருந்து ஆள் இல்லாத சமயம் பார்த்து, குழாய் இணைப்புகளில் எல்லாம் சோப்புத் தண்ணீர் தடவி, குமிழி வருகிறதா என்று குனிந்து பார்த்தார். மனைவி எப்படியோ கண்டுபிடித்துவிட்டாள். அவள் வேண்டுமென்றே தீய்ந்த ரொட்டியை நீட்ட, அவர் முகம் சுளிக்காமல் தின்றார்.

"மேடம்கிட்ட சொல்லிடுங்க. உசுரோட விளையாடாதீங்க."

"அடுத்த தடவை வரும்போது சொல்லிடறேன்."

மேடம் கம்பெனிக்கு வந்தாள். அவர் வாயைத் திறந்தார். பக்கத்தில் நின்ற சூப்பர்வைசர், "இவரு இல்லாம எங்களுக்குக் கை ஒடிஞ்ச மாதிரி இருந்துச்சு, மேடம்" என்று பெருமை பேசிக்கொண்டிருந்தார். சொல்ல வந்ததை மூக்கர் விழுங்கிவிட்டார். அன்றே முழு நாள் வேலைக்கு அனுமதி கிடைத்தது.

சோப்புத் தண்ணீர் எட்டாத ஓர் இடம் இருந்தது. குளிர் காக்கும் உறை சுற்றிய குழாய், மூட்டை கட்டும் இடத்துச் சுவரை ஒட்டிப் போனது. உறைக்கு அடியில் துரு அதை மெல்ல அரித்துக்கொண்டிருந்தது.

ஒரு காலை, மூட்டைக்கார அக்கா தொண்டையைச் செருமிக்கொண்டே சூப்பர்வைசரிடம் போய், நெடி அடிக்கிறது என்றாள்.

"மூக்கர் என்ன சொன்னாரு?"

"முன்னாடி கேட்டப்ப ஒண்ணுமில்லன்னாரு."

"அப்புறம் என்ன? வேலையப் பாரு."

சிறிது நேரத்தில் மூக்கருக்குக் கண் எரிந்தது. கண்ணே எரிகிறதென்றால் எவ்வளவு நேரமாகக் கசிந்திருக்க வேண்டும் என்று அவருக்குத் தெரியும். மெஷினை நிறுத்தி, வால்வை இறுக்கி, "ஓடுங்க! எல்லாரும் வெளிய ஓடுங்க!" என்று கத்தினார். ஓடினார்கள். அக்கா மட்டும் வரவில்லை. மூக்கர் ஈரச் சாக்கை முகத்தில் சுற்றிக்கொண்டு, காலை இழுத்து இழுத்து உள்ளே போனார். மூட்டைகளுக்கு நடுவே கிடந்தவளைக் கையைப் பிடித்து வாசல்வரை இழுத்து வந்தார்.

அவள் பிழைத்துக்கொண்டாள். நுரையீரல்தான் வெந்துபோயிருந்தது.

தெரபி மேடத்தைத் தேடி அவரே ஆஸ்பத்திரிக்குப் போனார். "எனக்கு மோப்பம் போயிடுச்சு, மேடம். விழுந்ததிலிருந்தே."

அவள் அவருடைய ஃபைலை எடுத்துப் புரட்டினாள். "நான் கேக்கலையே."

"கேட்டிருந்தாலும் பொய்தான் சொல்லியிருப்பேன்."

மேடம் அவரைக் கைவிடவில்லை. கம்பெனிக்கு வந்து, அலறும் கருவிக்கு ஒயர் மாட்டும்வரை அலுவலகத்தை விட்டு நகரவில்லை. மூக்கருக்கு வெளி முற்றத்தில் தண்ணீர்ப் பம்ப் வேலை வாங்கிக் கொடுத்தாள். கூடவே, மூட்டைக்கார அக்கா திரும்பி வந்தபோது அவளுக்கும் அதே முற்றத்தில் வாசல் கேட் பக்கம் உட்கார்ந்து செய்கிற வேலை கேட்டு வாங்கினாள்.

அக்கா அவரைத் திட்டவில்லை. திட்டினாலாவது தேவலை. தினமும் வந்ததும், "சாப்பிட்டீங்களா, அண்ணே?" என்பாள். அதற்குள் இருமல் பிடித்துக்கொள்ளும், பதிலைக் கேட்க முடியாது. இப்போது அவள் சிரிப்பதில்லை. சிரித்தால் இருமல் நிற்பதில்லை.

காற்று மெஷின் ரூம் பக்கமிருந்து வீசும்போதெல்லாம் அவர் பம்ப்பை விட்டுவிட்டு அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார், அது சுருங்குகிறதா என்று.