தம்பியின் உள்ளங்கையில் இருந்தது

ஓஷ் நகரத்திலிருந்து மலைக்குள் இருக்கும் ஹோரோகுக்கு மாவு மூட்டை ஏற்றி வந்த லாரிக்காரர்களில் நசர்ஷோ பேர்போனவன். உள்நாட்டுப் போர் நடந்த அந்தக் குளிர்காலங்களில், மற்றவர்கள் கணவாயில் வண்டியை நிறுத்திவிட்டுப் பனி விலகக் காத்திருப்பார்கள். இவன் மட்டும் எப்படியாவது வந்து சேர்ந்துவிடுவான். முதுகுவலிக்கு என்றுதான் ஹெராயின் பவுடரைத் தொட்டான். ஆற்றுக்கு அக்கரை ஆப்கானிஸ்தான். மாவைவிடப் பவுடர் சுலபமாகக் கிடைத்த காலம் அது. முதலில் புகைத்தான், பிறகு ஊசிக்கு வந்தான். ஐந்தாம் வருஷம் லாரி கைவிட்டுப் போயிற்று. அதற்கடுத்த வருஷம் மனைவி மகளைக் கூட்டிக்கொண்டு மாஸ்கோவுக்கு ரயிலேறினாள்.

தம்பி இமோம்தோதுக்கு முதல் ஊசியைப் போட்டவனும் அவன்தான். பல்வலி தாங்காமல் வந்து நின்றவனுக்கு, இரக்கப்பட்டுத்தான் போட்டான்.

மூன்று முறை நசர்ஷோவை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். முதல் தடவை அம்மா ரொட்டியின் மேல் கைவைக்கச் சொல்லிச் சத்தியம் வாங்கிக் கூட்டிப்போனாள். இரண்டாம் தடவை, மாஸ்கோவிலிருந்து மனைவி போனில் அழுதாள் என்று போனான். மூன்றாம் தடவை அக்கம்பக்கத்து ஆண்கள் நாலு பேர் தூக்கிக்கொண்டு போனார்கள். ஒவ்வொரு தடவையும் டாக்டரம்மா கேட்டது ஒரே கேள்விதான். யார் சொல்லி வந்தாய்? அவனும் உண்மையைச் சொன்னான். மூன்றாம் தடவை அந்த அம்மாள் எழுதுவதை நிறுத்திவிட்டு அவனைப் பார்த்தாள்.

"உன்னை வரச்சொன்னவங்க எல்லாரும் பவுடரை நல்லாவே விட்டுட்டாங்கப்பா. நீதான் இன்னும் விடல."

வெளியே வந்த அன்றைக்கே ஊசி போட்டுக்கொண்டான்.

அது ஒரு பிப்ரவரி. காலையில் அம்மா உப்புப் போட்ட பால் தேநீரில் ரொட்டியைப் பிய்த்துப் போட்டுக்கொண்டிருந்தாள். தம்பி மனைவி சவ்ரி குழந்தைக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள். இமோம்தோதைக் கூப்பிட்டு வரச்சொல்லி நசர்ஷோவை ஆட்டுக்கொட்டிலுக்கு அனுப்பினார்கள். அவனும் போகக் காத்திருந்தவன்தான். தம்பியிடம் சரக்கு இருப்பது அவனுக்குத் தெரியும்.

இமோம்தோத் வைக்கோலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். உதடு நீலம் பாரித்திருந்தது, ஊசி இன்னும் கையிலேயே நின்றது. இன்னொரு கையின் உள்ளங்கையில் மடித்த காகிதப் பொட்டலம். நசர்ஷோ மூச்சைப் பார்க்கவில்லை, கழுத்தைத் தொடவில்லை. விரல்களைப் பிரித்துப் பொட்டலத்தை எடுத்தான். ஆடுகளுக்கு அந்தப்பக்கம் போய் உட்கார்ந்து ஏற்றிக்கொண்டான். கொஞ்ச நேரம் சுகமாகவே இருந்தது. அதன் பிறகுதான் கத்தினான்.

இறந்தவனுக்காக மூன்றாம் நாள் விளக்கேற்றும் சடங்கில் ஊரே கூடியது. அண்ணன் அழுத அழுகையைப் பார்த்து, இனி இவன் திருந்திவிடுவான் என்று பேசிக்கொண்டார்கள். அவன் திருந்தவில்லை. துக்கத்தின் நாற்பது நாளும் முன்பைவிட அதிகமாகப் போட்டுக்கொண்டான். அம்மா கெஞ்சினாள், உறவுகள் திட்டின. எல்லாம் காதில் விழுந்து அப்படியே கரைந்து போயின.

ஏப்ரலில் ஒருநாள் சவ்ரி தம்பியின் கம்பளிக் கோட்டைக் கொண்டுவந்து கொடுத்தாள். "நடுங்கிட்டே இருக்கீங்களேண்ணே, இதைப் போட்டுக்குங்க" என்றாள். அவன் தோளில் போட்டான். அவள் எதிரில் நிற்கும்போதே அவன் கை பைக்குள் போய்விட்டது. மூலை மூலையாகத் துழாவியது, உள்பைக்கும் போனது. ஒன்றும் இல்லை. சவ்ரி அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுப் போனாள்.

அந்தக் கையை வைத்துக்கொண்டு இனி ஒருநாளும் இருக்க முடியாது என்று அவனுக்குத் தோன்றிவிட்டது. அம்மாவோ மகளோ கடவுளோ அப்போது அவன் நினைவில் இல்லை. ஒரு மூட்டையில் ரொட்டி, உப்பு, தேயிலை, ஒரு பாத்திரம் கட்டிக்கொண்டு, கோடையில் ஆடு மேய்க்கப் போகும் மலைக்குடிசைக்கு ஏறினான். அங்கே இன்னும் முழங்கால் அளவு பனி. யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அது மறுபடியும் அவர்களுடைய காரியமாகிவிடும் என்று பயந்தான்.

எலும்புக்குள் யாரோ ராவுவதுபோல் இருந்தது. வாந்தியும் பேதியுமாகத் தன் மேலேயே போய்க்கொண்டான். நாலாம் நாள் தாங்காமல் பாதி மலை இறங்கிவிட்டான். ஒரு பாறையில் உட்கார்ந்து, வீட்டுக்குப் போனால் முதலில் என்ன செய்வேன் என்று யோசித்தான். அம்மாவின் பெட்டியை உடைப்பேன். அம்மா குறுக்கே நின்றால்? அந்தக் கேள்விக்கு விடை அவனுக்குத் தெரிந்திருந்தது. தவழ்ந்து தவழ்ந்து மேலே திரும்பினான்.

பன்னிரண்டாம் நாள் இறங்கி வந்தபோது நாய் அவனைப் பார்த்துக் குரைத்தது. அம்மா தன் பிரார்த்தனை பலித்தது என்று ஊருக்கெல்லாம் ரொட்டி சுட்டுக் கொடுத்தாள். அவனும் ஒரு ரொட்டியை வாங்கித் தின்றான்.

இரண்டு வருஷம் கழித்து, புல் அறுப்பின்போது, வயலில் வைத்து சவ்ரியிடம் எல்லாவற்றையும் சொன்னான். அவள் அரிவாளை நிறுத்தாமல் அந்த வரிசையை அறுத்து முடித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"நீங்க கத்தினதும் நான்தாண்ணே முதல்ல ஓடிவந்து தொட்டேன். கழுத்துல சூடு இருந்துச்சு."

அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான்.

"வேணாம். அத்தைகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. அவங்களாவது நிம்மதியா இருக்கட்டும்."

விட்டதற்குப் பிறகு பவுடர் மிக அதிகமாக நினைவுக்கு வந்தது அன்றைக்குத்தான். இருட்டும்வரை நிறுத்தாமல் புல் அறுத்தான். விரலை வெட்டிக்கொண்டதுகூடத் தெரியவில்லை. ஆனால் பவுடர் கிடைக்கும் ஆற்றங்கரைப் பக்கம் போகவில்லை.

அந்த இலையுதிர்காலத்தில் சவ்ரி குழந்தையோடு ருஷானில் இருக்கும் பிறந்த வீட்டுக்குப் போய்விட்டாள். அம்மா காரணம் கேட்டுக் கேட்டு ஓய்ந்து, நாலு வருஷத்தில் இறந்தும் போனாள். நசர்ஷோ இப்போது சாலையில் பனிச்சரிவு அகற்றும் கூட்டத்தில் வேலை செய்கிறான். பவுடரை விட்டு ஒன்பது வருஷமாகிறது. ஒவ்வொரு குளிர்காலத்துக்கும் முன்பு ஒரு வண்டி விறகு வெட்டி ருஷானுக்குக் கொண்டுபோய் இறக்குகிறான். சவ்ரி கதவைத் திறந்து, எங்கே அடுக்க வேண்டும் என்று காட்டுகிறாள். உள்ளே வா என்று இதுவரை சொன்னதில்லை. அவன் அடுக்கி முடித்துவிட்டு, கோட்டிலிருந்து சிராய்களைத் தட்டிக்கொண்டு, பொழுது சாய்வதற்குள் கிளம்பிவிடுகிறான்.