அப்பா குடிகாரரான கட்டுரை

கல்விமுதுமாணிப் பட்டம் படிக்கப் போனவர்களுக்குத் தெரியும், இரண்டாம் அத்தியாயம் என்று ஒரு கண்டம் இருக்கிறது. இலக்கிய மீளாய்வு என்று அதற்குப் பேர். நாம் சொல்லப்போவதை நமக்கு முன்னாலேயே வேறு யாராவது சொல்லியிருக்க வேண்டும். அப்போதுதான் நாமும் சொல்லலாம். ஒருவரும் சொல்லாததைச் சொன்னால் "ஆதாரம் எங்கே?" என்பார்கள். எல்லோரும் சொன்னதைச் சொன்னால் "இதில் புதிதாக என்ன இருக்கிறது?" என்பார்கள். இந்த இரண்டு கேள்விக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு நான் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல.

நான் சப்ரகமுவ மாகாணத்தில், றக்வானப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் பிறந்து, அதே தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறவள். தோட்டத்துப் பிள்ளைகள் ஏன் பாதியில் படிப்பை விடுகிறார்கள் என்பது என் தலைப்பு. மாத முடிவுக்குள் அத்தியாயம் தேறாவிட்டால் பட்டப்படிப்புப் பதிவே போய்விடும் என்று சொல்லிவிட்டார்கள்.

பல்கலைக்கழக நூலகம் ஒரு கடவுச்சொல் கொடுத்தது. வீட்டிலிருந்தே உலகத்து ஆய்விதழ்களையெல்லாம் தேடலாமாம். தேடினேன். தேயிலை என்று போட்டால் தேயிலையைத் தின்னும் பூச்சிகள் வந்தன. தோட்டத் தமிழர் என்று போட்டால் நுவரெலியா வந்தது, ஹட்டன் வந்தது. சப்ரகமுவவிலும் நாங்கள் இருக்கிற விஷயம் ஆய்வுலகத்துக்கு இன்னும் போய்ச் சேரவில்லை போலும். சரி, ஊர்ப் பேரையே போடுவோம் என்று றக்வான என்று அடித்தேன். தவளைகள் வந்தன. அட கடவுளே, எத்தனை வகைத் தவளை! ஒவ்வொன்றுக்கும் இலத்தீனில் ஒரு பேர், முதுகின் நிறம், தொடையின் நீளம், எந்த ஓடையில் எந்தக் கல்லுக்கடியில் குடியிருக்கிறது என்ற விலாசம். எங்கள் லயத்து வீட்டு வரிசைக்குப் பின்னால் மழைக்குக் கத்துகிற சனியன்களும் அதில் இருந்திருக்கும். பொறாமையாக இருந்தது, மறைப்பானேன்.

சொற்களை மாற்றி, ஆண்டை மாற்றி, 'மதிப்பாய்வு செய்யப்பட்டவை மட்டும்' என்ற பெட்டியில் சரி போட்டு, கடைசியில் ஒன்று அகப்பட்டது. ஆங்கிலக் கட்டுரை. சப்ரகமுவ மாகாணத்தில் ஒரு தேயிலைத் தோட்டம், பெயர் மாற்றப்பட்டுள்ளது. பெற்றோரின் குடியும் பிள்ளைகளின் இடைவிலகலும். எனக்கென்றே எழுதி வைத்த மாதிரி இருந்தது. முழுதும் படிக்க டாலரில் காசு கேட்டார்கள். நூலகத்துக்கு எழுதிக் கெஞ்சி வாங்கினேன்.

படித்துக்கொண்டு போகும்போது ஒரு குசினி, சமையல்கட்டு, வந்தது. அதன் பின்சுவர் ஒரு தேர்தல் விளம்பரத் தகரம். அதில் வேட்பாளர் தலைகீழாகச் சிரித்துக்கொண்டிருக்கிறார். "இச்சமூகத்தை அரசியல் கைவிட்டதன் குறியீடு" என்று எழுதியிருந்தது. குறியீடாவது மண்ணாவது! அது எங்கள் வீட்டுக் குசினி. தகரத்தின் கால்மாடு துருப்பிடித்து உதிர்ந்துவிட்டதால், நல்ல பக்கம் மண்ணில் நிற்கட்டும் என்று அப்பா அதைத் திருப்பி அடித்தார். அவ்வளவுதான் விஷயம்.

அப்படியென்றால் அந்தக் குசினியில் உட்கார்ந்து பேசுகிற, பெயர் மாற்றப்பட்ட கொழுந்துக்காரி என் அம்மா. அம்மா என்ன சொல்லியிருந்தாள்? புருஷன் சம்பளத்தையெல்லாம் சாராயத்தில் கரைக்கிறார். குடித்துவிட்டு அடிக்கிறார். பிள்ளைகளில் ஒன்றுகூடப் பள்ளிக்கூடம் முடிக்கவில்லை. பிள்ளைகள் என்றால் நான்தான். நான் ஒருத்திதான்.

அப்பா ஒரு சொட்டுத் தொட்டதில்லை. சம்பள நாளில் தோட்டமே ஆடும்போது நேராக நடந்து வீட்டுக்கு வருகிற ஆள் அவர். அதனால்தான் கோயில் சாவி அவர் கையில். கலியாணப் பேச்சானாலும் சண்டை தீர்ப்பதானாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். சந்திக் கடை சிங்கள முதலாளிகூட அவரை "பொன்னே நெத்தி மினிஹா", குடிக்காத மனுசன், என்றுதான் சொல்வார். அப்பா வாழ்நாளில் சேர்த்த சொத்து அந்தப் பேர் ஒன்றுதான்.

பறித்த கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்த அம்மாவை வாசலிலேயே பிடித்தேன்.

"என்னம்மா இது? அப்பா குடிக்கிறாருன்னு சொல்லியிருக்கீங்க?"

அம்மா கொஞ்சமும் அசரவில்லை. "அந்த வெள்ளக்காரப் புள்ளகிட்டயா? நீ கலாசாலையில இருந்தப்ப வந்துச்சே. ஆமா, சொன்னேன். பாவம்டி, வளைவுக்கு வளைவு வாந்தி எடுத்துக்கிட்டு வந்து சேந்துச்சு. தேத்தண்ணி குடுத்தேன், பிஸ்கட் குடுத்தேன். அது பேனாவப் புடிச்சுக்கிட்டு, கூட்டியாந்த தமிழ் ஆள வச்சு, வீட்டுல குடிக்கிறாங்களா, அடிக்கிறாங்களான்னே கேக்குது. இல்லன்னு சொல்லச் சொல்ல மொகம் வாடிப்போவுது. அவ்வளவு தூரம் வந்த புள்ளய வெறுங்கையோட அனுப்பச் சொல்றியா?"

"அதுக்கு அப்பாவையா தூக்கிக் குடுப்பீங்க?"

"பக்கத்து வீட்டுக் கதயத்தான் சொன்னேன். அவ புருஷன்னு சொன்னா அவ சண்டைக்கு வருவா. உங்கப்பா வருவாரா?"



அந்தச் சாட்சியம் உண்மையல்ல, சொன்னவர் என் தாய் என்று அத்தியாயத்தில் எழுதினேன். என் ஆய்வு மேற்பார்வையாளர் யாழ்ப்பாணத்தவர், நல்ல மனிதர். உடனே போன் எடுத்தார்.

"அது உம்மட அம்மா எண்டதுக்கு ஆதாரம் என்ன?"

"சேர், எங்கம்மாவ எனக்குத் தெரியாதா?"

"அது தனிப்பட்ட அபிப்பிராயம். இது சர்வதேச ஆய்விதழ், பிள்ளை. மறுக்கிறதெண்டால் அவவைப் பேட்டி எடுத்து இணைச்சுவிடும். ஆனா முன்னம் சொன்னது பொய்யெண்டால், அவ நம்பத்தகாத தகவலாளி எண்டும் நீர் எழுதவேணும்."

அன்றைக்குச் சாயந்தரமே அம்மாவைக் குசினியில் உட்காரவைத்து, போனில் பதிவை அழுத்தினேன்.

"உங்கள் கணவர் மது அருந்துவாரா?"

அம்மா என் முகத்தையே பார்த்தாள். "ஒனக்கு எது வேணும்? எதச் சொன்னா பாஸ் பண்ணுவாங்களோ, அதச் சொல்றேன்."

"உண்மையச் சொல்லுங்கம்மா. முன்ன சொன்னது பொய்யின்னு சொல்லுங்க."

"அப்புடியே எழுதுவியா? நான் பொய்க்காரின்னு?"

"எழுதத்தான் வேணும்."

அம்மாவின் முகம் சுருங்கிப்போனது. யாருக்கும் பயப்படாத மனுசி, அடுப்புச் சாம்பலைக் கிளறத் தொடங்கினாள். எனக்கே என்னைப் பிடிக்கவில்லை.

வாசலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த அப்பா உள்ளே வந்தார்.

"அந்த போன நிப்பாட்டும்மா. நான் குடிக்கிறேன்னே இருந்துட்டுப் போவட்டும். இங்க உள்ளவங்களுக்கு என்னயத் தெரியும். அந்தப் பேப்பரப் படிக்கிறவங்களுக்கு உங்கம்மா பேச்சு மட்டுந்தானே தெரியும்? அதப் போயி பொய்யாக்காத."

சொல்லிவிட்டு, கோயில் கூட்டத்துக்கு நேரமாச்சு என்று சட்டையை மாட்டிக்கொண்டு போனார். பதிவை அழித்தேன். மறுப்பை எடுத்துவிட்டு, கட்டுரையை முறைப்படி மேற்கோள் காட்டி அனுப்பினேன்.

அத்தியாயம் தேறிவிட்டது. தகப்பன் சம்பளத்தைச் சாராயத்தில் கரைக்கிற வரிக்குப் பக்கத்தில் மேற்பார்வையாளர் குறிப்பு எழுதியிருந்தார்: "நல்ல ஆதாரம்."