ஒரு ஆளை ரெண்டு இடத்தில் எண்ணக் கூடாது

கோவில்பட்டியில் ஒரு பள்ளிக்கூடத்தில் சுதாராணி சமூக அறிவியல் டீச்சர். மக்கள்தொகைப் பாடத்துக்கு அவள் புத்தகத்தையே திறக்க மாட்டாள். மனுஷனை ஊரை விட்டுத் தள்ளுவது உந்து காரணி, இன்னொரு ஊர் கூப்பிட்டுக்கொள்வது ஈர்ப்புக் காரணி. மழையில்லாத நாகலாபுரம் தள்ளும், இங்கிருக்கிற தீப்பெட்டி ஆபீஸ் இழுக்கும் என்பாள். பிள்ளைகளுக்குச் சட்டென்று விளங்கிவிடும்.

2001 பிப்ரவரியில் அவளுக்கு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வேலை வந்தது. அவள் தெருவும் அவள் பங்கிலேயே இருந்தது. பிறந்த ஊரை விட்டு வந்த காரணம் என்ற கட்டத்தில் பெண்களுக்கெல்லாம் திருமணம், திருமணம் என்றே எழுதிக்கொண்டு போனாள். கடைசியாகத் தன் வீட்டை எழுதினாள். குடும்பத் தலைவர் முத்துசெல்வம், நாற்பத்தொன்று, பிறந்த ஊர் எப்போதும்வென்றான், தீப்பெட்டிக் கம்பெனி ஏஜென்ட். திங்கள் முதல் வெள்ளி வரை மதுரைப் பக்கம் கடை கடையாக ஆர்டர் எடுக்க லைனுக்குப் போவான், சனி ஞாயிறு வீட்டில் இருப்பான். மனைவி, அவள். பிறந்த குழந்தைகள் என்ற இடத்தில் பூஜ்யம் போட்டாள். கல்யாணமாகிப் பதினோரு வருஷம்.

மார்ச் முதல் தேதி மேற்பார்வையாளர் மந்திரமூர்த்தி கூப்பிட்டனுப்பினார். மேஜையில் ரெண்டு படிவம் விரித்திருந்தது. ஒன்று அவளுடையது. இன்னொன்று தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் கணக்கெடுத்த கண்ணுசாமி சாருடையது. அதிலும் முத்துசெல்வம், அதே வயசு, அதே ஊர், அதே தொழில். கீழே மனைவி பூங்கொடி, மகன், வயது நாலு.

மந்திரமூர்த்தி அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "ஒரு ஆளை ரெண்டு இடத்துல எண்ணக் கூடாதுல்லா டீச்சர். வழக்கமா எங்கன தங்குதாரோ அங்கனதான் எழுதணும். நேர்ல பாத்துட்டு ஒண்ணை அடிச்சிருங்க" என்றார். கண்ணுசாமி சாரை அனுப்பட்டுமா என்று கேட்டதற்கு, தானே போவதாகச் சொன்னாள்.

மறுநாள் காலையில் போனாள். நடந்தே இருபது நிமிஷம்தான். கதவைத் திறந்த பூங்கொடிக்கு இவள் யாரென்று தெரியவில்லை. கணக்கெடுக்க வந்த டீச்சர் என்றதும் சேர் எடுத்துப் போட்டாள். வீட்டுக்காரர் வாரத்தில் எத்தனை நாள் இங்கே தங்குவார் என்று கேட்டாள் சுதாராணி.

"அவிய இங்கனதான் இருக்காவ டீச்சர். சனி ஞாயிறு மட்டும் வெளியூர் லைனுக்குப் போவாவ."

உள்ளேயிருந்து முத்துசெல்வம் பிள்ளையைத் தோளில் வைத்துக்கொண்டு வந்தான். அவளைப் பார்த்தான். பிறகு பூங்கொடியிடம் திரும்பி, "டீச்சர் கேக்கதுக்குப் பதில் சொல்லி அனுப்பு. வெயில்ல வந்திருக்காவ" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டான்.

பூங்கொடி மோர் கொண்டுவந்தாள். சுதாராணி குடித்தாள். விவரம் எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு எழுந்தாள்.

பள்ளிக்கூடத்துக்கு வந்து, தன் படிவத்தில் அவன் பெயரை ஸ்கேல் வைத்து அடித்தாள். தலைவர் இடத்தில் தன் பெயரை எழுதினாள். நபர்கள் ஒன்று. மந்திரமூர்த்தி வாங்கிப் பார்த்து, இப்போது சரியாக இருக்கிறது என்று கையெழுத்துப் போட்டார்.

சனிக்கிழமை அவன் எப்போதும் போலப் பையோடு வந்தான். அவள் சண்டை போடுவாள் என்று எதிர்பார்த்திருப்பான் போல. அவள் சோறு போட்டாள். பாதிச் சாப்பாட்டில் அவன்தான் வாயைத் திறந்தான்.

"நீ ஏன் அங்கன வந்த? கண்ணுசாமியை அனுப்பியிருக்கலாம்லா."

அவள் மோரை ஊற்றினாள். அந்தப் பரீட்சை லீவிலேயே விளாத்திகுளத்துக்கு மாற்றல் எழுதிக்கொடுத்து வாங்கிக்கொண்டு போனாள். போகும்போது அவன் சட்டைகளை மடித்துப் பக்கத்து வீட்டில் கொடுத்திருந்தாள். மூன்று வாரம் கழித்து அந்தப் பக்கத்து வீட்டுக்காரி போன் பண்ணினாள். சுதாராணி காலி செய்த வீட்டுக்கு முத்துசெல்வம் பூங்கொடியையும் பிள்ளையையும் கூட்டிவந்துவிட்டானாம். தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் குடிதண்ணீர் பத்து நாளைக்கு ஒருமுறைதான் வருகிறதாம். இந்தத் தெருவில் நாலு நாளைக்கு ஒருமுறை வந்துவிடுமே என்றாள்.