வேர்க்காத இரண்டு இடம்

என்றைக்கும் இல்லாமல் ஏறிப் பார்த்த என் வீட்டுக்காரரைச் செவலை கீழே தள்ளிய அன்றைக்கே அதை விற்பதென்று முடிவாகிவிட்டது. முடிவு செய்தது அவர். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ராஜபாளையத்துக்கும் சேத்தூருக்கும் நடுவில் எங்களுக்கு ஒரு தென்னந்தோப்பு, அங்கேதான் எங்கள் செவலைக் குதிரை நிற்கும். நாலு வருஷமாகக் காலையில் ஒரு மணி நேரம் அதன்மேல் சுற்றிவிட்டுத்தான் பேண்டேஜ் துணி கம்பெனிக்கு வேலைக்குப் போவேன். நாற்பத்தாறு வயசில் இவளுக்குக் குதிரை கேக்குதோ என்று பேசாத வாய் இல்லை. பேசட்டும் என்று விட்டுவிட்டேன்.

"கல்யாண ஊர்வலத்துக்குக் குதிரை விடுறவரு ஞாயித்துக்கெழம வாராரு, ஓட்டிட்டுப் போயிருவாரு. அதுக்குக் கொணம் கெட்டுப்போச்சுட்டி," என்றார் அவர், இடுப்பில் தைலம் தேய்த்துக்கொண்டே.

"கொணமெல்லாம் கெடல. அதுக்கு எங்கயோ வலிக்குது."

"வலி எனக்குல்லா."

பாவமாகத்தான் இருந்தது. ஆனால் ஊர்வலத்துக்குப் போனால் டிரம் செட்டுக்கும் வெடிக்கும் நடுவில், மாப்பிள்ளையைச் சுமந்துகொண்டு, இதே வலியோடு அது நிற்கணுமே. ஞாயிற்றுக்கு ஐந்து நாள் இருந்தது. என்ன ஏது என்று கண்டுபிடிக்காமல் விடுவதில்லை என்று வைராக்கியம் பிடித்துக்கொண்டது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அதற்கு முந்தின மாதம், சேணம் வைக்கும்போது காதை மடக்கிக்கொண்டு என்னைக் கடிக்க வந்தது. எனக்குத்தான் மூக்குமேல் கோபமாச்சே. சேணத்து வாராலேயே கழுத்தில் ஓங்கி ஒன்று போட்டேன். இதை நான் வீட்டில் சொல்லவில்லை.

முதலில் லாடம் அடிக்கிறவரை வரவழைத்தேன். நாலு குளம்பையும் தூக்கித் தட்டிப் பார்த்துவிட்டு, காலில் குற்றம் இல்லை என்று சொல்லிவிட்டார். மறுநாள் கம்பெனிக்கு லீவு போட்டேன். ஸ்ரீவில்லிபுத்தூர் போய் கால்நடை டாக்டரம்மாவை என் வண்டியிலேயே பின்னால் உட்கார வைத்துக் கூட்டிவந்தேன். "நான் பாக்கிறது பூரா மாடும் ஆடும்தாம்மா, குதிரை எப்பவாவதுதான்," என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார். "எப்பவாவது பாத்தா போதும்," என்றேன்.

அவசரமில்லாமல் பார்த்தார். முதுகுத்தண்டுக்கு இரண்டு பக்கமும் விரலால் அமுக்கிக்கொண்டே போனார். தோளுக்குச் சற்றுப் பின்னால் ஓரிடத்தில் செவலை முதுகைக் கீழே தாழ்த்தி நழுவியது. அடுத்த பக்கத்திலும் அதே இடத்தில் நழுவியது. புண் இல்லை, வீக்கம் இல்லை.

"சதைதான் வலிக்குது. ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி வலிக்குதுன்னா சேணத்தைப் பாக்கணும்."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "சேணத்துல என்ன இருக்கு? போன கோடையில நானே பிரிச்சுப் புதுப் பஞ்சு அடைச்சேன். கட்டுப் போடுற பஞ்சு, பூ மாதிரி இருக்கும். பஞ்சைப் பத்தி எனக்கு யாரும் சொல்ல வேண்டாம்."

"ஏறி இறங்கின பொறவு முதுகு பூரா வேர்த்திருக்குமா?" என்று கேட்டார் டாக்டரம்மா.

"வேர்த்து ஊத்தும். ரெண்டு எடம் மட்டும் உள்ளங்கை அகலத்துக்குக் காஞ்சே இருக்கும். அங்க பஞ்சு நல்லா ஏந்துது, அதான் உரசல."

"எந்த எடம்?"

தொட்டுக் காட்டினேன். செவலை முதுகைத் தாழ்த்தி நழுவியது. டாக்டரம்மா அமுக்கிய அதே இடம்.

"வேர்க்கக்கூட விடாம அங்க அமுக்குதும்மா," என்றார்.

அவரைக் கொண்டுபோய் விட்டுவிட்டுத் திரும்பி வந்து, பிளேடை எடுத்துச் சேணத்தின் அடித்தோலைப் பிரித்தேன். நான் அடைத்த பஞ்சு ஒரு வருஷ வேர்வையைக் குடித்து, என் கனத்தில் அமுங்கி, பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு கட்டியாகக் கிடந்தது. கருப்பட்டி வட்டு மாதிரி அம்புட்டுக் கெட்டி. படுத்த மெத்தையில் பஞ்சு கட்டி கட்டியாகப் போகும், அவ்வப்போது பிரித்து அடிக்கணும் என்று எங்கள் ஊரில் தெரியாதவர் உண்டா? பஞ்சிலேயே பிழைக்கிற எனக்குத் தெரியவில்லை. ஒரு வருஷமாக அது காதை மடக்கியும் கடிக்க வந்தும் என்னிடம் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. தோப்பில் உட்கார்ந்து நன்றாக அழுதேன்.

ஞாயிற்றுக்கிழமை ஊர்வலக்காரர் வந்தார். நான் இரண்டு கட்டியையும் பெஞ்சில் வைத்து, "இதுமேல செத்த நேரம் உக்காருங்க," என்றேன் என் வீட்டுக்காரரிடம். வந்தவர் முன்னால் மறுக்க முடியாமல் உட்கார்ந்தார். உட்கார்ந்த வேகத்தில் எழுந்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு செவலையைப் பார்த்தார். "குடுக்கிற மாதிரி இல்லண்ணே," என்று அவர் வாயாலேயே வந்தது.

இரண்டு மாதம் அதன் முதுகில் துணிகூடப் போடவில்லை. சேணத்துக்கு ஆட்டு ரோமம் வரவழைத்து அடைத்தேன். இப்போது மாசம் ஒருதரம் பிரித்துப் பார்க்கிறேன். ஏறி இறங்கினால் முதுகு பூராவும் வேர்க்கிறது. விரலால் அமுக்கினால் அசையாமல் நிற்கிறது.

ஆனால் வாரைக் கையில் எடுத்தால் மட்டும் இன்னும் கழுத்தை அந்தப் பக்கம் இழுத்துக்கொள்கிறது. அதற்குக் காரணம் கண்டுபிடிக்க எனக்கு டாக்டரம்மா வேண்டாம். தினமும் காலையில் வாரைக் கீழே வைத்துவிட்டு, அடித்த இடத்தைத் தடவிக்கொடுத்த பிறகுதான் மறுபடி எடுக்கிறேன். அது கழுத்தை இழுக்காத நாள் வரும்வரை விடப்போவதில்லை.