மாதாவுக்கு மார்ச் மாதம்

மௌஸை நோக்கிக் கை நீண்டதுமே எமில்டா ஸ்கேலால் மேசையில் ஒரு தட்டு தட்டினாள். “தொடாதிய அண்ணாச்சி! டபுள் கிளிக் பண்ணாதியன்னு எத்தன மட்டம் சொல்லுதேன்?” அந்தச் சத்தத்துக்கு முயல்தீவில் கொக்குகள் எழும்பிப் பறக்கும் என்று கடற்கரைச் சாலையில் ஒரு பேச்சு உண்டு. பாதியாவது நிஜமாக இருக்கும்.

முத்தையாபுரம் பஸ்ஸில் ஒன்பது மணிக்கு வந்து இறங்குகிறவள், ஐஸ் கம்பெனி மாடியில் பதினான்கு விசைப்படகு முதலாளிகளுக்குக் கணக்கு எழுதுகிறாள். எழுதுவது என்ன, பேங்க் ஃபைலைக் கணக்கு மென்பொருளுக்குள் ஏற்றுவதுதான். எந்த ரூபத்தில் ஏற்றுவது என்பதில் அவளுக்கு மாப்பிள்ளை பார்க்கிற கவனம். “பி.டி.எஃப்.ங்கது கண்ணாடிக் கூட்டுக்குள்ள இருக்க மாதா சொரூபம். கும்பிட்டுக்கிடலாம், சேலை மாத்த முடியாது. சி.எஸ்.வி. வெள்ளந்தி, உள்ளத உள்ளபடி குடுக்கும். ஆனா எக்ஸெல் கையில சிக்கிச்சோ, போச்சு. அது ரொம்பப் படிச்ச மருமவன். கேக்காமலே திருத்தும்.”

கை நீட்டியவர் ஜோன்ஸ். அந்தோணி 2, சவேரியார் 3, மரியா 5 என மூன்று படகுக்கு முதலாளி. மூன்றுக்கும் ஒரே பேங்க் கணக்கு. மீன் வியாபாரி பணம் அனுப்பும்போது, படகுப் பெயரின் முதல் மூன்று ஆங்கில எழுத்தையும் எண்ணையும் குறிப்பில் தட்டிவிடுவார். அதைப் பார்த்து மென்பொருள் வரவைப் படகு படகாகப் பிரிக்கும். ஆடியில் மரியா பத்தொன்பது நாள் கடலுக்குப் போயிருக்கிறது. வரவு பூஜ்யம்.

“பெவின் பய நடுக்கடல்லயே வித்துப்புடுதான், ஏளா. பத்து வருசமா மரியாவுக்கு டிரைவர். சாயங்காலம் கணக்க முடிச்சி வேலையவிட்டு அனுப்பிருதேன்.” என்றார் ஜோன்ஸ்.

எமில்டா மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, மீன் புதுசா பழசா என்று மோந்து பார்ப்பவள்போலத் திரைக்குக் குனிந்தாள். எந்தப் படகு என்று தெரியாத வரவுகள் ஒரு மூலையில் குவிந்து கிடந்தன.

“ஆடி மாச மீனுக்கு மார்ச் அஞ்சாந்தேதி எங்கனருந்து வந்துச்சு? பத்தொம்பது எடத்துல நிக்கு. எக்ஸெல்ல தொறந்தியளா?”

“தொறந்து, அழகா கட்டம் போட்டு, சேவ் பண்ணித்தான் கொண்டாந்தேன்.”

“வெளங்கிரும். எம்.ஏ.ஆர்., பக்கத்துல அஞ்சு. நமக்கு மரியா. அதுக்கு மார்ச்சு. மாதாவையே காலண்டர்ல தொங்கவிட்டுட்டு!”

பேங்க் தளத்துக்குப் போய், ஃபைல் வகைப் பட்டியலில் யாரும் சீண்டாத எம்.டி.940-ஐத் தேர்ந்தாள். “இது ஆர்பர் கன்டெயினர் மாதிரி. சீல் ஒடையாம நேரா உள்ள போவும், மருமவன் வாய் வைக்க முடியாது.” ஏற்றினாள். மரியா 5-க்கு நேரே பத்தொன்பது வரவும் வரிசையாக வந்து நின்றன. மொத்தம் அந்தோணியைவிட அதிகம்.

ஜோன்ஸ் திரையை மேலும் கீழும் மூன்று தடவை பார்த்தார். பிறகு போனை எடுத்தார்.

“ஏலே பெவின்... சாப்ட்டியாலே?”

எமில்டா கையை நீட்டி, அவர் காதிலிருந்து போனை வாங்கி, ஸ்பீக்கரைப் போட்டு மேசை நடுவில் வைத்தாள். “சந்தேகப்பட்டதயும் சொல்லிருங்க, அண்ணாச்சி.”